நாலு எட்டு

சென்ற மாதம் சென்னையில் ஒரு முழு நாள் எனக்கு வேலையில்லாமல் கிடைத்தது. ஒரு ஆபீஸில் ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் மறுநாள்தான் வருவார் என்றார்கள். ஆரணிக்குத் திரும்பி, விடியற்காலை மறுபடி பஸ் ஏற உடம்பில் தெம்பில்லை. சென்ட்ரலுக்கு எதிரே இறங்கி நடக்க ஆரம்பித்தேன். ஈவினிங் பஜார், ரத்தன் பஜார், பூக்கடை, என்.எஸ்.சி. போஸ் சாலை, பாரிமுனை, பர்மா பஜார். சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் ரயிலேறி மாம்பலம். வாங்குவதற்கென்று எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. சித்தப்பா தறியில் நூல் நறுக்க ஒரு சின்னக் கத்தரிக்கோல் கேட்டிருந்தார். ஊரில் கிடைப்பது இரண்டே மாதத்தில் முனை மழுங்கிவிடுகிறதாம்.

ஈவினிங் பஜார் ஓரம் ஒரு பெரியவர் சாக்கை விரித்துப் பழைய சாமான் பரப்பியிருந்தார். திருப்புளிகள், பூட்டில்லாத சாவிகள், மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள், நடுவில் இந்தக் கத்தரிக்கோல். நல்ல இரும்பு. விலை கேட்டேன். நூற்றைம்பது என்றார். அறுபது என்றேன். நூற்றிருபதுக்கு வந்தார். நான் கத்தரிக்கோலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னா சார், கேட்டுட்டுப் போய்க்கினே இருக்கே. வா, எம்பது குடுத்துட்டு எட்த்துக்கினு போ. இன்னும் போணி ஆவல." மணி பதினொன்று தாண்டியிருந்தது. எண்பது ரூபாய் கொடுத்தேன். நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தார்.

அந்த எழுபது ரூபாய் பற்றி எனக்குக் குற்ற உணர்வு ஒன்றும் பெரிதாக இல்லை. அவருக்கு அந்தக் கத்தரிக்கோல் பத்து ரூபாய்க்கு வந்திருக்கலாம். நான் நியாயமான விலைதான் கொடுத்திருக்கலாம், அதிகமாகக்கூடக் கொடுத்திருக்கலாம். என்னைப் பிடித்துக்கொண்டது விலை அல்ல. நடந்த அந்த நாலு எட்டு. எப்போது யாரிடம் அதைக் கற்றுக்கொண்டேன் என்று ஞாபகமில்லை. நம்மில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை எட்டு வைத்தால் கூப்பிடுவான், எவ்வளவு மெதுவாக வைக்க வேண்டும், திரும்பிப் பார்த்தால் கெட்டது என்பதெல்லாம் சைக்கிள் விடுவது மாதிரி உடம்பில் ஏறியிருக்கிறது. அன்று நாள் முழுக்க வேலையில்லாமல் நடந்துகொண்டிருந்ததால், இந்த நாலு எட்டு மட்டும் மற்ற நடையிலிருந்து தனியாகப் பிரிந்து நின்று என்னைப் பார்த்தது போலிருந்தது.

அது பொய்யா? வேண்டாம் என்று நான் வாயால் சொல்லவில்லை. வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே பொய் என்று சொல்ல முடியாது. ஒரு உண்மையை உடம்பால் சொல்வது அது. நான் போய்விட முடியும், நீ போக முடியாது. இந்தச் சாக்கும், இதன் மேல் இருக்கும் இரும்பும், ஆகாத போணியும் உன்னை இங்கே கட்டிப்போட்டிருக்கின்றன. எனக்குக் கால் இருக்கிறது. பேரத்தில் நாம் பேசும் பேச்செல்லாம், பக்கத்துக் கடையில் இவ்வளவுதான் என்பதும் போன மாதம் வாங்கினேன் என்பதும், வெறும் தோரணம். வேலை செய்வது கால்தான்.

சாயங்காலம் மாம்பலத்தில் ஒரு கவி நண்பரைச் சந்தித்தேன். இதைச் சொன்னதும் சிரித்தார். இவ்வளவு மனசாட்சி உள்ளவன் விலை ஒட்டிய கடைக்குப் போக வேண்டியதுதானே, பேரமும் இல்லை பாவமும் இல்லை என்றார். இது புதிய யோசனை இல்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பேரம் பேசுவதே பொய் பேசுவது என்று தீர்மானித்து, ஒரே விலை சொல்லி விற்றார்கள். குழந்தையை அனுப்பினாலும் அதே விலை. நம்மிடமும் இந்த ஆசை பழையது. பட்டினப்பாலையில் வரும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது அதிகம் வாங்காமல், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமல், விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்கிறார்கள். அப்படி ஒரு நகரம் இருந்ததா அல்லது இருக்க வேண்டும் என்று புலவர் விரும்பினாரா என்பது வேறு விஷயம்.

நண்பர் சொன்ன விலை ஒட்டிய கடைகள் நாங்கள் நின்றுகொண்டிருந்த ரங்கநாதன் தெருவிலேயே மாடி மேல் மாடியாக எழுந்து நிற்கின்றன. அங்கே பேரம் இல்லை என்பது சரி. ஆனால் அங்கே விற்பனைக்கு நிற்கும் பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்பதற்கு 2021இல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2010இல் 'அங்காடித் தெரு' சினிமா வந்தபோது நாமெல்லாம் பார்த்து மனம் கலங்கினோம். கலங்கிய மனதோடு தீபாவளிக்குத் துணி எடுத்தோம். சட்டம் வர மேலும் 11 வருஷம் ஆயிற்று. ஒட்டிய விலை என்பது பேரம் இல்லாத விலை அல்ல. பேரம் நம் கண்ணுக்குப் படாத வேறு இடத்தில் நடந்து முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வேறு இடம் எனக்குத் தெரியும். நான் பிறந்த தெரு அது.

ஆரணியில் பட்டு நெய்கிறவர்களில் பலர் கூலிக்கு நெய்கிறவர்கள். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு, சூரத்திலிருந்து வரும் ஜரிகை, இரண்டும் முதலாளியுடையவை. எடை போட்டுக் கொடுப்பார்கள். பாவு வீட்டுக்கு வந்து தறியில் ஏறும். ஒரு பாவில் மூன்று நான்கு சேலை. குழித்தறி என்றால் தரையில் ஒரு குழி. நெசவுக்காரன் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டு மிதியை மிதிப்பான். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், பட்டு இழையும் ஈரத்தில் பிசுபிசுக்கும், வேலை நிற்கும். அப்பா அந்தக் குழியில் நாற்பது வருஷத்துக்கு மேல் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து நிற்கும்போது சற்று நேரம் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

சேலை அறுத்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சின்ன வயதில் அவரோடு நானும் போவேன். அங்கே முதலில் எடை பார்ப்பார்கள். பிறகு சேலையைப் பிரித்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு இழை விட்டிருக்கும், அல்லது கரையில் ஒரு இடத்தில் லேசான ஏற்றத்தாழ்வு இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. "இன்னாப்பா இது" என்பார் முதலாளி. அந்த ஒரு வார்த்தைதான். கூலியில் பிடித்தம் எவ்வளவு என்பது அந்த வார்த்தையின் தொனியிலேயே இருக்கும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். சேலையை எடுத்து மடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து வெளியே போக முடியாது, சேலை அவருடையது அல்ல. வேறு முதலாளியிடம் போகிறேன் என்று சொல்ல முடியாது, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் நிற்கிறது. அதைக் கட்டித் தீர்க்காமல் அடுத்த முதலாளி பாவு தரமாட்டார். தீர்த்தாலும் அது இடம் மாறும். அடுத்தவரிடம் அதே தொகை, புதுப் பெயரில். காஞ்சிபுரம், ஆரணி வட்டாரங்களில் முன்பணத்துக்காகப் பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அதை நான் பார்த்து வளர்ந்தேன். என் வகுப்பில் சில பெஞ்சுகள் நடுவருஷத்தில் காலியாகும்.

கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கு மாற்றாகத்தான் வந்தன. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியதும் நெசவாளிக்கும் சந்தைக்கும் நடுவில் ஒரு நாணயமான கை வேண்டும் என்றுதான். சங்கத்தில் கூலி எழுதிவைத்தது, தொனி கிடையாது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாத் தறியும் சங்கத்துக்குள் வரவில்லை, எங்கள் தறி வரவில்லை.

ஆடம் ஸ்மித் 1776இல் எழுதியதில் ஒரு இடம் உண்டு. முதலாளி ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட வேலை நடக்காமல் காலந்தள்ளுவான். தொழிலாளிகளில் பலர் ஒரு வாரம் தாங்கமாட்டார்கள். நாளடைவில் இருவருக்கும் இருவரும் தேவைதான், ஆனால் அந்தத் தேவையின் அவசரம் இருவருக்கும் ஒன்றல்ல என்கிறார். சந்தையைப் போற்றியவர் என்று நாம் ஒதுக்கிவைத்த ஆள் இதைச் சொல்லியிருக்கிறார். தறிக்குழியைப் பார்த்ததில்லை, ஆனால் காத்திருக்க முடிகிறவன் யார் என்ற கேள்வியைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

இதுவரை எழுதியதைப் படித்தால், நெசவாளியின் மகன் தெருவியாபாரியிடம் பேரம் பேசியதற்காக வருந்துகிறான், உழைப்பவர்கள் எல்லாம் ஒரு கட்சி என்று நான் சொல்ல வருவதாகத் தோன்றும். அப்படிச் சொல்ல எனக்கு ஆசைதான். என் ஞாபகம் இடம் தரவில்லை.

கூலி வாங்கிய அன்று அப்பா நேரே சந்தைக்குப் போவார். முதலாளி முன்னால் வாய் திறக்காத அதே மனிதர், கீரை விற்கிற கிழவி முன்னால் வேறு ஆளாகிவிடுவார். கட்டைப் பிரித்துப் பார்ப்பார். "இன்னா இது, வாடிப்போனதெல்லாம் குடுக்கறே" என்பார். அது வாடியிருக்காது. அந்த "இன்னா இது" எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நாலணாவுக்காக எழுந்து நடப்பார், நானும் பின்னால் ஓடுவேன், கிழவி கூப்பிடுவாள், திரும்பி வருவோம். வருகிற வழியெல்லாம் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அந்த வாரம் முழுக்க அவர் கால்கள் தாமாக விரும்பி நடந்தது அந்த நாலு எட்டுதான். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எந்த ஒழுக்கநூலுக்கு உரிமை இருக்கிறது? அதே சமயம், அந்தக் கிழவிக்கு எந்த முதலாளி, எந்தக் கிழவி? அவள் யாரிடம் போய் நாலு எட்டு நடப்பாள்? எனக்கு இப்போதும் இதற்கு விடை கிடைக்கவில்லை. அவளும் வீட்டில் ஒரு மருமகளை வைத்திருந்திருக்கலாம்.

சந்தையில் வெறுமனே சுற்றிப் பார்ப்பதைப் பற்றி மேலைநாட்டில் நிறைய எழுதியிருக்கிறார்கள். வால்டர் பெஞ்சமின் பாரிஸின் கடைவீதிகளில் சுற்றித் திரிபவனை ஒரு நவீன பாத்திரமாகவே வளர்த்தெடுத்தார். ஆனால் நம்மிடம் அதற்கு வெகு முன்பே ஒருவன் இருக்கிறான். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை. கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். ரத்தினக் கடைகள், பொன் கடைகள், தானியங்கள் குவித்த கூலவீதி, எல்லாம் பார்க்கிறான். அறுவை வீதியில் பருத்தியிலும் மயிரிலும் பட்டிலும் நெய்த துணிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கின்றன. நெசவு வீட்டில் பிறந்தவனுக்கு அந்த இடத்தில் கண் நின்றுவிடும். யார் நெய்தது என்று இளங்கோ சொல்லவில்லை. கோவலனும் கேட்கவில்லை. அன்று அவனையும் யாரும் நீ யார் என்று கேட்கவில்லை. ஊரைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வருகிறான்.

அதே கோவலன் அதே மதுரைக்குள் மறுபடி நுழைகிறான், இந்த முறை கையில் ஒற்றைச் சிலம்போடு, விற்க. பொற்கொல்லன் அவனைத் தன் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போகிறான். கோவலன் காத்திருக்கிறான். ஊழ்வினை, கோள், பாண்டியனின் அவசரம் என்று இந்த இடத்தைப் பற்றி நம் விமர்சகர்கள் எழுதாதது இல்லை. எனக்கு ஒரு சின்ன விஷயம்தான் படுகிறது. பார்க்க வந்தவன் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. விற்க வந்தவன் இருக்கச் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். பொருள் உன்னிடம் எப்படி வந்தது, நீ யார், இங்கே ஏன் நிற்கிறாய் என்ற கேள்விக்கெல்லாம் அவன்தான் பதில் வைத்திருக்க வேண்டும். மதுரையில் மாறியது ஊர் அல்ல, கோவலன் நின்ற பக்கம்.

ஈவினிங் பஜார் பெரியவரிடமும் அன்று காலை ஒரு போலீஸ்காரர் வந்து சாக்கின் ஓரத்தை லத்தியால் தட்டி, கொஞ்சம் உள்ளே இழுத்துப் போடச் சொன்னதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெருவோரத்தில் விற்பது அடிப்படை உரிமை, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உச்சநீதிமன்றம் 1989இல் சொல்லியிருக்கிறது. 2014இல் தெருவியாபாரிகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. லத்திக்கு இரண்டும் இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. பாண்டி பஜாரில் நடைபாதைக் கடைகளை 2013இல் ஒரு கட்டிடத்துக்குள் ஏற்றினார்கள். 2019இல் நடைபாதையை அகலமாக்கி நடப்பவர்களுக்கு அழகாகக் கொடுத்தார்கள். நடக்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

பர்மா பஜாரின் கதை இன்னும் விசித்திரம். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையும் தேசியமயமாக்கியதும், பர்மாவிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். அவர்களில் கொஞ்சம் பேருக்கு 1969இல் பீச் ஸ்டேஷன் எதிரே கடைபோட இடம் கிடைத்தது. போய்விடும் சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். போ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் உட்கார்ந்த இடம் அது. அவர்களிடம் போய் நாலு எட்டு நடந்து காட்டுவதில் ஒரு அற்பத்தனம் இருக்கிறது. இப்போது அங்கே இருப்பவர்கள் பலர் அந்தத் தலைமுறை இல்லை, விற்பது செல்போன் உறைகள். ஒரு பையன் என்னை விடவே இல்லை, "அண்ணா, அண்ணா" என்று பத்து அடி கூடவே வந்தான். வியாபாரி நம் பின்னால் நடப்பதும் உண்டு என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் வட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1900இல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. அதைப் பற்றி நாம் எழுதிய இரங்கல்களில் புத்தகம் எரிந்ததுதான் பெரிதாக இருந்தது. அங்கே அபூர்வமான புத்தகத்தை எடைக்காகிதம் விலைக்கு எடுத்தேன் என்று சொல்லாத எழுத்தாளன் உண்டா? நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையை இன்று பிரித்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? புத்தகத்தின் மதிப்பு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது; ஆவலை முகத்தில் காட்டாமல், பக்கத்திலிருந்த சமையல் புத்தகத்தைப் புரட்டுவது போலப் பாவனை செய்து, இதையும் சேர்த்து என்ன விலை என்று கேட்டேன். சேலையைத் தடவிப் பார்த்து "இன்னாப்பா இது" என்ற முதலாளிக்கும் எனக்கும் தூரம் அதிகமில்லை. முதலாளிக்கும் பட்டின் மதிப்பு நன்றாகத் தெரியும். தெரிந்ததை மறைப்பதுதான் இருவரின் தொழில் நுட்பமும். ஒருவேளை அந்தப் புத்தகக்காரர்களுக்கும் நம் பாவனை தெரிந்தே இருந்திருக்கும். வருஷக்கணக்காக நம் முகங்களைப் பார்த்தவர்கள்.

அன்று சாயங்காலம், நண்பரை அனுப்பிவிட்டு, ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். மாம்பலம் ஸ்டேஷன் படி இறங்குமிடத்தில் ஒரு அம்மா தட்டில் ஊக்கு, ஹேர்பின், ரப்பர் பேண்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒரு அட்டை ஹேர்பின் என்ன விலை என்றேன். முப்பது என்றார். பேசாமல் முப்பது ரூபாயை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? நன்றி இல்லை அதில். இவன் யார், விலை கேட்கத் தெரியாதவனா, அல்லது நம்மைப் பார்த்து இரக்கப்படுகிறானா என்ற சந்தேகம் இருந்தது. பேரம் பேசியிருந்தால் நான் அவருக்கு ஒரு வாடிக்கையாளன். பேசாததால் என்னவென்று தெரியாத ஒரு ஆள் ஆகிவிட்டேன். பணத்தை வாங்கிக்கொண்டு, அட்டையைக் கொடுத்துவிட்டு, நான் திரும்பும்போது "இரு தம்பி" என்றார். நாலைந்து ஊக்கை எடுத்து ஒரு காகிதத் துண்டில் சுருட்டி என் கையில் வைத்தார். கொசுறு. வாங்குகிறவன் கேட்டு வாங்குவதுதான் கொசுறு என்று நினைத்திருந்தேன். நான் கேட்கவில்லை. கணக்கைத் தன் பக்கத்திலிருந்து நேர் செய்துவிட்டு, அவர் அடுத்த ஆளிடம் விலை சொல்ல ஆரம்பித்தார்.

மறுநாள் கையெழுத்து கிடைத்தது. இரவு ஊருக்குப் போய்ச் சேர்ந்து, காலையில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்தார். கத்தரிக்கோலைக் கொடுத்தேன். குழிக்குள்ளிருந்த காலை எடுக்காமலே வாங்கி, விரலில் மாட்டி, பாவில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிசிறை நறுக்கிப் பார்த்தார். நன்றாக வெட்டியது.

"எவ்ளோ?"

"எண்பது."

"நூத்தம்பது சொல்லியிருப்பான்."

"ஆமாம்."

"ஏமாந்துட்ட," என்றார் சித்தப்பா. "இன்னும் ரெண்டு எட்டு நடந்திருந்தா அறுபதுக்குக் குடுத்திருப்பான்."